கோஹ்பர்: மிதிலைத் திருமண அறையும் அதன் சுவரோவியமும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2025 பிப்ரவரி 1 அன்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் வரவு செலவுத் திட்டத்தைத் தாக்கல் செய்ய வந்தபோது, மதுபனி ஓவியம் இடம்பெற்ற வெண்ணிறப் புடவை ஒன்றை உடுத்தியிருந்தார். அது மிதிலைக் கலைஞர் துலாரி தேவி அளித்தது. அன்றிலிருந்து இந்த ஓவியத்தைப் பற்றித் தமிழிலும் பலர் விசாரிக்கிறார்கள். அக்கேள்விகளில் பெரும்பாலானவை மீன், மயில், நிறம் ஆகியவற்றோடு நின்றுவிடுகின்றன. இந்த ஓவியத்தின் கரு ஒரு கல்யாண வீட்டின் உள்ளறையில் இருப்பதால், இங்கே அந்த அறையை ஒட்டிய கேள்விகளுக்கே முதலிடம் தரப்பட்டுள்ளது.

மிதிலை ஓவியம், மதுபனி ஓவியம் இரண்டும் ஒன்றுதானா?

ஒன்றுதான். மிதிலை என்பது மைதிலி மொழி பேசப்படும் நிலப்பரப்பு. வட பீகாரின் தர்பங்கா, மதுபனி, சீதாமடி, சமஸ்திபூர், சஹர்சா முதலிய மாவட்டங்களும், எல்லைக்கு அப்பால் நேபாளத்தின் ஜனக்பூரைச் சூழ்ந்த சமவெளியும் அதில் அடங்கும். மதுபனி அதில் ஒரு மாவட்டமும் ஊரும் ஆகும். 1960களின் இறுதியில் ஓவியங்கள் தாளில் வரையப்பட்டு விற்பனைக்குப் புறப்பட்டது அந்த ஊரைச் சுற்றிய கிராமங்களிலிருந்துதான் என்பதால், சந்தையில் ஊர்ப் பெயரே நிலைத்துவிட்டது. 2007இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டபோதும் மதுபனி ஓவியம் என்றே பதிவாயிற்று.

அந்த ஊர்ப் பெண்கள் இதை 'வரைதல்' என்று சொல்வதில்லை, 'எழுதுதல்' என்றே சொல்கிறார்கள். கோஹ்பர் எழுதுவார்கள், அரிபன் என்னும் தரைக்கோலம் எழுதுவார்கள். 'எழுதிய பாவை' என்றும் 'கோலம் எழுதுதல்' என்றும் சொல்லிப் பழகிய தமிழருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கோஹ்பர் என்றால் என்ன?

கோஹ்பர் என்பது முதலில் ஓர் அறையின் பெயர், அதன் பிறகுதான் ஓர் ஓவியத்தின் பெயர். மணப்பெண்ணின் வீட்டில் புதுமணத் தம்பதியர் முதல் சில இரவுகளைக் கழிப்பதற்கென ஒதுக்கப்படும் அறையை 'கோஹ்பர் கர்' என்பார்கள். கர் என்றால் வீடு அல்லது அறை. அந்த அறையின் சுவரில், வழக்கமாகக் கிழக்குச் சுவரில், எழுதப்படும் பெரிய ஓவியத்துக்கும் அதே பெயர் வந்துவிட்டது. (எழுத்துக் கூட்டும்போது 'ஹ்' விடுபட்டால், சாணத்தைக் குறிக்கும் இந்திச் சொல்லாகப் படிக்க நேரிடும். தமிழில் எழுதுவோர் இதைக் கவனிப்பது நல்லது.)

சொல் பழமையானது. 16ஆம் நூற்றாண்டில் துளசிதாசர் எழுதிய ராமசரிதமானசத்தில், திருமணம் முடிந்த இராமனையும் சீதையையும் சுமங்கலிகள் கோஹ்பருக்கு அழைத்துச் செல்கிறார்கள். மணமக்கள் ஒருவருக்கொருவர் இனிப்பு ஊட்டிக்கொள்ளும் சடங்கை அங்கே இராமனுக்குக் கௌரியும் சீதைக்குச் சரஸ்வதியும் சொல்லித் தருவதாக அவர் பாடுகிறார். அந்த இடத்தில் கோஹ்பர் சடங்கு நடக்கும் அறையாகவே வருகிறது. ஜனக மன்னர் தம் மகள் திருமணத்துக்காக ஊர் முழுவதும் ஓவியம் தீட்டச் சொன்னார் என்றும், கலை அன்று பிறந்தது என்றும் சொல்லப்படுவது மிதிலை மக்களுக்கு இனிய நம்பிக்கை. அதை வரலாற்றுச் சான்றாகக் கொள்ள இயலாது.

கோஹ்பர் சுவரில் என்னென்ன எழுதுவார்கள்?

முதல் பார்வைக்கு ஒரே செடிகொடிக் கூட்டமாகத் தெரியும். சற்று நின்று பார்த்தால் ஓர் ஒழுங்கு புலப்படும். நடுவில் நெட்டுக்குத்தாக ஒரு தண்டு எழும்பி நிற்கும். அதைச் சுற்றிலும் வட்ட வட்டமாகத் தாமரைகள் இருக்கும். ஒவ்வொரு வட்டத்தின் விளிம்பிலும் இதழ்கள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கும், சில வீடுகளில் அந்த வட்டங்களுக்குள் பெண் முகமும் எழுதப்படும். இந்தத் தாமரைத் தொகுதியை 'புரைன்' என்கிறார்கள். மைதிலியில் அது தாமரை இலையையும் கொடியையும் குறிக்கும் சொல். பக்கத்திலேயே மூங்கில் புதர் ஒன்று தனியே நிற்கும். இடைவெளிகளில் மீன், ஆமை, பாம்பு, இணைக் கிளிகள் ஆகியவை இடம்பெறும். மேற்புறத்தில் சூரியனும் சந்திரனும், சில வீடுகளில் ஒன்பது கோள்களும் இருக்கும். ஓர் ஓரத்தில் சிவனும் பார்வதியும், மற்றோர் ஓரத்தில் கௌரியைப் பூசிக்கும் மணப்பெண்ணும் மணமகனும் காணப்படுவார்கள்.

மீனும் ஆமையும் நீர் வளத்தையும் மக்கட்பேற்றையும், இணைக் கிளிகள் காதலையும், பாம்புகள் காவலையும் வளமையையும் குறிப்பதாகச் சொல்வது பொதுவான விளக்கம். குளங்களும் தாமரைப் பொய்கைகளும் வெள்ளமும் நிறைந்த நாட்டில் இவை எல்லாம் கண்ணெதிரே உள்ளவை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மிதிலையில் மீன் இல்லாமல் நல்ல காரியம் இல்லை. பிராமணர் உள்பட அங்கே பெரும்பாலானோர் மீன் உண்பவர்கள்.

நடுவில் நிற்கும் தண்டு மூங்கிலா, தாமரைத் தண்டா?

இந்த ஒரு கேள்விக்காக அறிஞர்கள் பல பக்கங்களைச் செலவழித்திருக்கிறார்கள். ஆங்கில ஆட்சிக் காலத்தில் இவ்வோவியங்களை முதலில் கவனித்து எழுதிய வில்லியம் ஆர்ச்சர், தண்டை மூங்கிலாகவும் ஆணின் குறியீடாகவும், தாமரை வட்டங்களைப் பெண்ணின் குறியீடாகவும் கண்டு, ஓவியம் முழுவதையும் ஆண் பெண் சேர்க்கையின் வெளிப்படையான உருவகமாகப் படித்தார். அதன் பிறகு வந்தவர்கள் பெரும்பாலும் அதையே திருப்பிச் சொன்னார்கள். சிலர் அதன்மேல் தாந்திரிகப் பொருளையும் ஏற்றினார்கள்.

எழுதும் பெண்களிடம் கேட்டறிந்து எழுதிய ஆய்வாளர்கள் வேறு விடைகளையும் கொண்டுவந்தார்கள். நடுத்தண்டு தாமரையின் தண்டேதான் என்றும், மூங்கில் தனியாக வேறிடத்தில் எழுதப்படுகிறது என்றும் சொன்ன பெண்கள் உண்டு. தாமரை ஒரு வேரிலிருந்து குளமெங்கும் பரவுவதும், மூங்கில் ஒரு குத்திலிருந்து புதராகப் பெருகுவதும் குலம் தழைப்பதற்கு அடையாளம் என்பது அவர்கள் விளக்கம். தமிழில் மணமக்களை 'மூங்கில்போல் சுற்றம் முசியாது வாழ்க' என்று வாழ்த்துவது இந்த விளக்கத்தோடு வியக்கத்தக்க அளவு பொருந்துகிறது. என் எண்ணத்தில், வாழ்த்தாக எழுதப்படும் ஒன்றுக்கு ஒரே ஒரு மறைபொருளைத் தேடிப் பிடிப்பது வெளியார் பழக்கம். எழுதும் வீட்டாருக்கு அது அன்றைக்குச் சுவரில் இருந்தாக வேண்டும் என்பதே முக்கியம்.

அறையின் மூலைகளில் தெரியும் பெண்ணுருவம் யாருடையது?

அவள் நைனா ஜோகின். கோஹ்பர் அறையின் நான்கு மூலைகளிலும் எழுதப்படுபவள். முக்காடிட்ட முகமும் பெரிய கண்ணும் அவளுக்கு அடையாளம். 'நைனா' என்றால் கண், 'ஜோகின்' என்றால் யோகினி. மணமக்கள்மீது கண்ணேறு படாமல் காப்பதும், அவர்களிடையே ஈர்ப்பை உண்டாக்குவதும் அவள் வேலை. இதே பெயரில் ஒரு சடங்கும் உண்டு. மணப்பெண்ணையும் இன்னொரு பெண்ணையும் துணியால் மூடி உட்காரவைத்து, தன் மனைவி யார் என்று மாப்பிள்ளையைக் கண்டுபிடிக்கச் சொல்வார்கள். தவறினால் அன்று முழுவதும் மச்சினிகளின் கேலியிலிருந்து அவர் தப்ப முடியாது.

திருமணத்தின் எந்தக் கட்டத்தில் இந்த அறை வருகிறது?

மைதில் பிராமணர், எழுத்தர் சமூகமான கர்ண காயஸ்தர் ஆகியோர் வீடுகளின் முறையைச் சொல்கிறேன். பிற சமூகங்களில் சடங்குகள் இதைவிடச் சுருக்கமானவை. மாப்பிள்ளை வந்தவுடன் பெண்கள் எதிர்கொண்டு 'பரிச்சன்' என்னும் வரவேற்பைச் செய்வார்கள். அவர் மண்டபத்தில் உட்கார்வதற்கு முன்பே கோஹ்பருக்கு அழைத்துச் செல்லப்பட்டு, மேலே சொன்ன நைனா ஜோகின் சடங்கு நடக்கும். முற்றத்து மண்டபத்தில் வேதமுறைப்படி திருமணம் நடந்து, வகிட்டில் செந்தூரம் இட்டு முடிந்த பிறகு, மணமக்கள் பாட்டு முழங்க மீண்டும் அதே அறைக்கு வருவார்கள்.

அதற்குப் பின் வரும் நாட்கள்தாம் கோஹ்பரின் உண்மையான காலம். நான்காம் நாள் 'சதுர்த்தி' நடக்கும்வரை மாப்பிள்ளை பெண் வீட்டிலேயே தங்குவார். அந்த நாட்களில் மணமக்கள் உணவில் உப்புச் சேர்ப்பதில்லை, தரையில் பாய் விரித்துப் படுப்பார்கள், தாம்பத்தியம் சதுர்த்திக்குப் பிறகே. அறையில் ஒரு மண்பானைக்குள் சுமங்கலி விளக்கு அணையாமல் எரியும், அதற்கு 'அஹிபாதக் பாதில்' என்று பெயர். மணப்பெண் நாள்தோறும் கௌரி பூசை செய்வாள். 'பித்கரி' என்னும் மூத்த சுமங்கலி ஒருவர், பெரும்பாலும் பெண்ணின் அக்காவோ அண்ணியோ அத்தையோ, ஒவ்வொரு சடங்கையும் சொல்லிக் கொடுத்துக்கொண்டு கூடவே இருப்பார். மாப்பிள்ளைக்குப் பாயசம் ஊட்டும் 'மஹுவக்' என்ற சடங்கும் இங்கேதான் நடக்கும்.

பெரியவர்கள் பார்த்து முடித்த திருமணத்தில், அதுவரை ஒருவர் முகத்தை ஒருவர் சரியாகக் கண்டிராத இரண்டு பேர் பழகிக்கொள்ள இந்த நான்கு நாட்கள் அவகாசம் தருகின்றன. விளக்கு வெளிச்சத்தில் அவர்கள் கண்ணில் படும் பெரிய பொருள் அந்தச் சுவர் ஒன்றே. கோஹ்பரை அறையிலிருந்து பிரித்துப் பேசினால் அதன் பாதிப் பொருள் போய்விடும் என்று நான் சொல்வது இதனால்தான்.

யார் எழுதுவார்கள்?

வீட்டுப் பெண்களும் உறவுக்காரப் பெண்களும் அண்டை வீட்டாரும் சேர்ந்து எழுதுவார்கள். கை தேர்ந்த மூத்த பெண்மணி ஒருவர் உருவங்களின் எல்லைக் கோட்டைப் போட, மற்றவர்கள் நிறம் நிரப்புவார்கள். தொடக்கப் பொட்டைச் சுமங்கலியே வைப்பது முறை. வேலை நடக்கும்போது பாட்டும் நடக்கும். 'கோஹ்பர் கீத்' என்று தனி வகைப் பாடல்களே இருக்கின்றன, கவிஞர் வித்யாபதியின் மைதிலிப் பாடல்களும் கல்யாண வீடுகளில் ஒலிக்கும். சிறுமிகள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்துக் கற்றார்கள். தாளில் எழுதிப் பணம் வரத் தொடங்கிய பிறகு ஆண்களும் இக்கலைக்கு வந்தார்கள். ஆனாலும் கல்யாண அறையின் சுவர் இன்றும் பெண்களின் உரிமைதான்.

ஒரு பெண் தனக்குப் பிடித்தவனுக்குக் கோஹ்பர் ஓவியம் அனுப்பித் தன் விருப்பத்தைத் தெரிவிப்பாள் என்கிறார்களே, உண்மையா?

இல்லை. கேட்க அழகாக இருப்பதால் அந்தக் கதை பரவிவிட்டது. மிதிலையின் மரபுவழித் திருமணத்தில் இரு குலத்தின் பதிவேடுகளைப் பார்க்காமல் பேச்சே தொடங்காது. 'பஞ்ஜி' எனப்படும் அந்த வம்சாவளிச் சுவடிகளின் ஒழுங்கை 14ஆம் நூற்றாண்டின் கர்ணாட வம்ச அரசர் ஹரிசிம்மதேவர் ஏற்படுத்தியதாகச் சொல்வார்கள். மதுபனிக்கு அருகில் சௌராட் என்னும் ஊரின் மாந்தோப்பில் மைதில் பிராமணர் கூடும் சபையில், தந்தை வழியில் ஏழு தலைமுறையும் தாய் வழியில் ஐந்து தலைமுறையும் உறவில்லை என்று பஞ்ஜிகாரர் எழுதிக் கொடுத்த பிறகே திருமணம் உறுதியாகும். இந்த ஏற்பாட்டில் பெண் படம் எழுதித் தூது விடுவதற்கு இடமில்லை.

தாளில் எழுதிய கோஹ்பர் கைமாறும் வழக்கம் மட்டும் உண்மை. காயஸ்தர் வீடுகளில் மாப்பிள்ளை வீட்டார் மணப்பெண்ணுக்கு அனுப்பும் செந்தூரத்தைப் பொதிந்து வைக்கும் தாளில் கோஹ்பரும் தாமரைத் தொகுதியும் எழுதப்பட்டிருக்கும். அந்தக் கதைக்கு இதுவே மூலமாக இருக்கலாம்.

அரிபன் என்பது நம் மாக்கோலம் போன்றதா?

மிக நெருங்கியது. அரிசியை ஊறவைத்து அரைத்த மாவைத் தண்ணீரில் கரைத்தால் 'பிடார்' தயார். அதில் விரல்களைத் தோய்த்து, மெழுகிய மண்தரையில் மோதிர விரலின் நுனி வழியே இழையாக விடுகிறார்கள். மேலே செந்தூரப் பொட்டுகள் வைப்பார்கள். எட்டிதழ்த் தாமரை, பாதச் சுவடு, கௌரி பூசைக்கான வட்டம் என்று சடங்குக்குச் சடங்கு வடிவம் மாறும். புள்ளிக் கோலம் போடுபவர்கள் கவனிக்கக்கூடிய வேறுபாடு ஒன்று: அரிபனில் புள்ளிகளை முதலில் வைத்து அளவெடுப்பதில்லை, நடுவிலிருந்து கையே வெளிநோக்கிப் பெருகும்.

நிறங்களை எவற்றிலிருந்து எடுத்தார்கள்?

விளக்குப் புகைக் கரியிலிருந்து கருப்பும், மஞ்சள் கிழங்கிலிருந்து மஞ்சளும், குசும்பப் பூவிலிருந்து சிவப்பும், அவரை இலையிலிருந்து பச்சையும், அவுரியிலிருந்து நீலமும், அரிசி மாவிலிருந்து வெள்ளையும் எடுத்தார்கள். ஒட்டுவதற்குக் கருவேலம் பிசின் உதவியது. மூங்கில் சீவலும் அதன் நுனியில் சுற்றிய பஞ்சுமே தூரிகை. கடைச் சாயப்பொடிகளும் பல காலமாகப் புழக்கத்தில் உள்ளன.

சாதிக்குச் சாதி பாணி மாறுமா?

மாறும், ஆனால் விற்பனைப் பட்டியல்கள் சொல்லும் அளவுக்கு அவ்வளவு துல்லியமாக அல்ல. பிராமணப் பெண்களின் 'பர்ணி' நிறம் நிரம்பியது. இரட்டைக் கோட்டால் உருவத்தை வளைத்து, இரண்டு கோடுகளுக்கும் நடுவே சின்னச் சின்னக் குறுக்குக் கோடுகளை இட்டு, உள்ளே நிறத்தைக் கொட்டுவார்கள். காயஸ்தப் பெண்களின் 'கச்னி' கோட்டை நம்பியது. ஒரு மீனின் உடலை நூற்றுக்கணக்கான மெல்லிய கோடுகளாலேயே நிரப்பிவிடுவார்கள், நிறம் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். 1970களில் தலித் சமூகமான துசாத்தைச் சேர்ந்த பெண்கள், தங்கள் உடலில் பச்சை குத்தும் வடிவங்களிலிருந்து 'கோத்னா' பாணியை உருவாக்கி, தங்கள் குலவீரன் ராஜா சல்ஹேஸின் கதையை அதில் எழுதினார்கள். சானோ தேவி அவர்களில் முன்னோடி. முகப்பில் குறிப்பிட்ட துலாரி தேவி மீனவர் சமூகமான மல்லாவைச் சேர்ந்தவர். ராண்டி கிராமத்தில் ஓவியர் வீடுகளில் வேலை செய்துகொண்டே கற்றவர், 2021இல் பத்மஸ்ரீ பெற்றார்.

உள்ளறையில் இருந்த ஓவியம் வெளியே வந்தது எப்படி?

இடிபாட்டின் வழியாக வந்தது. 1934 ஜனவரி 15 அன்று பீகாரையும் நேபாளத்தையும் பெரும் நிலநடுக்கம் உலுக்கியது. அப்போது மதுபனியில் ஆட்சி அதிகாரியாக இருந்த ஆர்ச்சர் சேதத்தைப் பார்வையிடச் சென்றபோது, இடிந்த வீடுகளின் உட்சுவர்கள் வெட்டவெளியில் நிற்பதைக் கண்டார். அந்நியர் யாரும் நுழைய முடியாத அறைகளின் ஓவியங்கள் அப்படித்தான் முதன்முதலில் வெளியார் கண்ணில் பட்டன. பின்னர் அவர் அவற்றைப் புகைப்படம் எடுத்து, 1949இல் மார்க் என்னும் கலை இதழில் கட்டுரை எழுதினார்.

இரண்டாவது திருப்பமும் துயரத்தில்தான் வந்தது. 1966–67 வறட்சியின்போது, அகில இந்தியக் கைவினைப் பொருள் வாரியத்தின் புபுல் ஜயகர், பம்பாய்க் கலைஞர் பாஸ்கர் குல்கர்ணியை மதுபனிக்கு அனுப்பினார். சுவரில் எழுதுவதைத் தாளில் எழுதித் தந்தால் காசு கிடைக்கும் என்று சொல்லிப் பெண்களை இணங்கவைப்பது எளிதாக இருக்கவில்லை. இணங்கியவர்களில் ஜித்வார்பூரின் ஜகதம்பா தேவி 1975இலும், சீதா தேவி 1981இலும், ரசீத்பூரின் கங்கா தேவி 1984இலும் பத்மஸ்ரீ பெற்றார்கள்.

கல்யாணம் முடிந்த பிறகு சுவரில் உள்ள ஓவியம் என்ன ஆகும்?

ஒன்றும் செய்யமாட்டார்கள். புகை படியும், மழைக்காலத்தில் ஈரம் ஏறும், அடுத்த நல்ல காரியத்துக்குச் சுவரை மெழுகும்போது மறையும். அடுத்த மகளுக்குப் புதிதாக எழுதப்படும்.

மண்சுவரில் மறைவது இயல்பு, அருங்காட்சியகத்தில் மறைவது அப்படியல்ல. கங்கா தேவி புற்றுநோயால் நலிந்திருந்த காலத்தில் தில்லியின் தேசிய கைவினை அருங்காட்சியகத்தில் ஓர் அறை முழுவதும் கோஹ்பர் எழுதினார். அவர் 1991இல் மறைந்தார். 2015இல் புதுப்பிப்புப் பணியின்போது அந்த அறை அழிக்கப்பட்டது. மண்சுவர் மரபில் அழிவு உண்டுதானே என்று சிலர் சமாதானம் சொன்னார்கள். மீண்டும் எழுத அதே கை இருக்கும் வீட்டுக்குத்தான் அந்தச் சமாதானம் பொருந்தும்.

திருமணத்துக்குப் பிறகும் ஓவியத்துக்கு வேலை உண்டா?

உண்டு. திருமணத்துக்குப் பின் வரும் முதல் சிராவண மாதத்தில், அதாவது தமிழ் ஆடி வாக்கில், புதுமணப் பெண் நோற்கும் 'மதுஸ்ராவணி' நோன்பில், இரண்டு வார அளவுக்கு நாகங்களையும் கௌரியையும் அரிபன்மேல் வைத்துப் பூசிப்பார்கள். புரட்டாசி, ஐப்பசி வாக்கில் வரும் பௌர்ணமியான 'கோஜாகரா' அன்று, பெண் வீட்டிலிருந்து வெற்றிலையும் அல்லிக் குடும்பத்து மக்கானா விதைகளும் மாப்பிள்ளை வீட்டுக்குப் போகும். அங்கே அவரை அரிபன்மேல் அமர்த்திச் சடங்கு செய்வார்கள். பெண் கணவன் வீட்டுக்குக் குடிபுகும்போது அங்கும் ஒரு கோஹ்பர் காத்திருக்கும்.

நேபாளத்திலும் இதே வழக்கம்தானா?

ஆம், மொழியும் சடங்கும் எல்லையில் நிற்பதில்லை. ஜனக்பூரில் ஆண்டுதோறும் கார்த்திகை, மார்கழி வாக்கில் வரும் விவாஹ பஞ்சமியன்று இராமன் சீதை திருமணத்தைக் கோலாகலமாகக் கொண்டாடுகிறார்கள். ஆனால் சீதை பட்ட பாட்டை நினைத்து, அந்த நாளில் தங்கள் மகளுக்குத் திருமணம் செய்ய மிதிலையில் பலரும் தயங்குவார்கள். 1989இல் தொடங்கிய ஜனக்பூர் பெண்கள் வளர்ச்சி மையம் அப்பகுதிப் பெண்களின் ஓவியங்களைத் தாளுக்குக் கொண்டுவந்தது.

இப்போதும் சுவரில் எழுதுகிறார்களா?

எழுதும் வீடுகள் இருக்கின்றன. செங்கல் வீடுகளும் வாடகைக் குடியிருப்புகளும் பெருகியதால், தாளிலோ துணியிலோ எழுதிய கோஹ்பரைச் சுவரில் ஒட்டிச் சடங்கை முடிப்பவர்களும் பலர். கல்யாண மண்டபத்தில் அலங்காரமாக அச்சிட்டுத் தொங்கவிடப்படுவதை இந்தக் கணக்கில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.

கோஹ்பர் ஓவியத்தை வாங்கி வீட்டில் மாட்டலாமா? கல்யாணப் பரிசாகத் தரலாமா?

தாராளமாகச் செய்யலாம். தாளில் எழுதுவது பெண்களுக்கு வருமானம் என்பதால் அவர்களும் அதையே விரும்புவார்கள். வாங்கும்போது படத்தின் ஓரத்தில் எழுதியவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள், பின்பக்கத்தில் ஊர்ப் பெயர் இருந்தால் இன்னும் நல்லது. அச்சிட்டதா, கையால் எழுதியதா என்று ஐயம் வந்தால், ஒரே தாமரையின் இரண்டு இதழ்களை அருகருகே வைத்துப் பாருங்கள். கையால் எழுதியதில் கோட்டின் தடிப்பு இடத்துக்கு இடம் மாறும், மை தோய்த்த இடத்தில் அடர்ந்தும் தீரும் இடத்தில் இளைத்தும் இருக்கும். தாள் வெளிர் பழுப்பாக இருந்து, முகர்ந்தால் லேசான மண்வாசனை வந்தால், அது சாணக் கரைசல் பூசிய தாள். சட்டகம் போடுபவர் அதைக் கறை என்று நினைத்துத் துடைத்துவிடாதபடி முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.